பல்லியின் மௌன விரதம்

பூஜை அறையில், முருகன் படத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு அன்று பத்து வயது நிறைந்தது.

"பத்து வருஷமா சாமி முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து கொசு பிடிச்சதுதான் மிச்சம். வேற என்னத்தைக் கண்டேன்?" என்று மூலையில் இருந்த சிலந்தியிடம் சலித்துக்கொண்டது. "இன்னையிலேருந்து மௌன விரதம். அப்பவாவது ஞானம் வருதான்னு பார்ப்போம்."

"அப்போ சாப்பாடு?"

"சாப்பிடறதுக்கு எதுக்குப் பேசணும்?" என்று சொல்லிவிட்டுப் பல்லி வாயை மூடிக்கொண்டது.

வீட்டுக்காரி குமுதவல்லி வந்து விளக்கேற்றினாள். அவளுக்கும் அன்றுதான் பிறந்தநாள், அறுபது.

"முருகா, நீச்சல் கத்துக்கணும்னு சின்ன வயசிலேருந்து ஆசை. சொன்னா வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. போகலாமா, வேணாமா? நீயே சொல்லு" என்று தரையில் உட்கார்ந்தாள்.

முருகன் ஒன்றும் சொல்லவில்லை. பல்லியும் மூச்சுவிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, வேணாம் போலிருக்கு" என்று அவள் எழப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கொழுத்த கொசு பல்லியின் எதிரே வந்து உட்கார்ந்தது. பல்லி பாய்ந்தது, கொசு தப்பியது. வந்த எரிச்சலில் பல்லி, "ச்சு, ச்சு, ச்சு" என்று கத்திவிட்டது.

குமுதவல்லி விரலை மடக்கித் தரையில் தட்டினாள். "பல்லியே சொல்லிடுச்சு" என்று முகமெல்லாம் சிரிப்பாக வெளியே ஓடினாள்.

"விரதம் போச்சே" என்றது சிலந்தி. பல்லி அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்துக் குமுதவல்லி ஈரத் தலையோடு விளக்கேற்ற வந்தாள். பல்லி படத்துக்கு முன்னால் வந்து, அவள் ஏதாவது கேட்பாளா என்று காத்திருந்தது. தன் மூக்கின் மேலேயே ஒரு கொசு உட்கார்ந்திருந்ததை அது கவனிக்கவில்லை.