வலி என்று சொல்லாத வீடு

"எப்சிபா, எங்கேம்மா வலிக்குது?"

டாக்டர் இரண்டாவது முறையாகக் கேட்டார்.

படுக்கையில் கிடந்தவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சுகமா இருக்கேன் டாக்டர்."

அது பழக்கம். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதைச் சொல்லித்தான் பொழுதைத் தொடங்குவாள்.

வலி என்ற சொல்லுக்கு அவர்கள் வீட்டில் இடமில்லை. ஒரு தலைவலித் தைலம்கூடக் கிடையாது. வாங்கி வைத்தால் தலைவலியை வா என்று அழைத்தது போலாகிவிடுமாம்.

அவள் கணவர் வேதத்தை அப்படித்தான் வாசித்தார். உலகம் உண்டானதே ஒரு சொல்லால். அந்தச் சொல்லை மனிதனின் நெஞ்சுக்குள்ளும் வைத்துத்தான் ஆண்டவர் அனுப்பியிருக்கிறார். உள்ளே எதை நம்புகிறாயோ, வாய் அதைச் சொல்லும். வாய் சொன்னது நடந்துவிடும். ஜெபக்கூட்டத்தில் அவர் இதை விளக்கும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவளும்தான்.

வேஷமில்லை. மனதார நம்பினாள். நம்பியதுதான் வினையாகப் போயிற்று. விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வாள். எனக்குள் எங்கேயோ அவநம்பிக்கை ஒளிந்து கிடக்கிறது. நான்தான் இதற்குச் சோறு போட்டு வளர்க்கிறேன், பாவி.

கொல்லைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். அவருக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்ததுகூட நோய்க்காக இல்லை. சுகமாக இருக்கிறாள் என்று ஒரு ரிப்போர்ட் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபையில் அதைக் காட்டிச் சாட்சி சொல்ல வேண்டும். அவர்தான் அப்படிச் சொல்லி அழைத்து வந்தார்.

டாக்டரின் விரல்கள் வயிற்றை அமுக்கிக்கொண்டே வந்தன.

அந்த இடத்தில் நின்றன.

"இங்க?"

உயிரே போவதுபோல் வலித்தது.

"சுகமா இருக்கு."

டாக்டர் கையை எடுத்துவிட்டார். "அப்போ ஸ்கேன் எதுவும் வேண்டாம். எந்திரிங்கம்மா."

ஸ்தோத்திரம், என்று மனதுக்குள் சொன்னாள். ஜெயித்துவிட்டாள்.

"அதே இடந்தான் டாக்டர்."

கணவர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். கூட்டத்தில் முழங்குகிற குரல் எங்கோ போயிருந்தது.

"அங்கதான் வலிக்கி அவளுக்கு. போன மழைக்கு முந்தியே ஆரம்பிச்சிட்டு. அந்தப் பக்கமாத் திரும்பிப் படுக்கவே மாட்டா."



சொல்லிவிட்டாரே. இத்தனை நாள் அவள் கட்டிக் காத்ததை, தன் வாயாலேயே சொல்லிவிட்டாரே.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார்.

அவள் படுத்தபடியே எட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

டாக்டர் காத்திருந்தார்.

உள்ளங்கைக்குள் அவர் உதடுகள் துடிப்பது தெரிந்தது. கையை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.