பனிவாயனுக்குக் கால் இல்லை

“ஏய் கீதா, நம்ம கேமுக்கு வந்த கருத்தைக் கேளு! ‘கிணத்து மூக்கனுக்குப் பலம் நாப்பதுன்னு போட்டுருக்கீங்க. ரொம்பக் கம்மி. முந்தாநேத்து ஒரு மாட்டையே உள்ள இழுத்தான்.’ இன்னா கற்பனைடீ இந்த ஆளுக்கு!”

ஃபாயிசா சிரித்த சிரிப்பில் புதூர்நாட்டுப் பலாமரங்களில் பாதிக் காய்கள் உதிர்ந்திருக்கும். கீதாஞ்சலி மட்டும் சிரிக்கவில்லை.

“நம்ம வீரன் மாமா மாடு முந்தாநேத்துலேர்ந்து காணோம்டீ.”

“மாடுன்னா காணாமத்தான் போவும். கழுத்துல இன்னா, செல்போனா மாட்டினு சுத்துது?”

இரண்டு பேரும் திருப்பத்தூர் காலேஜில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். கேம் ஜாம் என்று இணையத்தில் ஒரு போட்டி. மூன்றே நாளில் ஒரு விளையாட்டைச் செய்து போட வேண்டும். பிறகு ஒரு வாரம் ஊர் உலகமெல்லாம் அதை விளையாடிப் பார்த்துக் கருத்து எழுதும், மார்க் போடும். இதற்காக ஃபாயிசா வாணியம்பாடியிலிருந்து கிளம்பி, பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் அறுபத்தோராவது ஆளாகத் தொங்கிக்கொண்டு மலையேறி கீதாஞ்சலி வீட்டுக்கு வந்தாள்.

கீதாஞ்சலி வரைந்தாள், ஃபாயிசா ப்ரோகிராம் எழுதினாள். அந்தக் காலத்து வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாக, நாலே நிறத்தில், பன்னிரண்டு பூதங்கள். பூதத்துக்கு ஒரு சீட்டு. கீதாஞ்சலி எதையும் பார்த்து வரையவில்லை. கைக்கு வந்ததைக் கிறுக்கியதுதான். அந்த மூன்று நாளில் அவர்கள் குடித்த கடுங்காப்பியைச் சேர்த்து ஊற்றியிருந்தால் ஜவ்வாது மலையில் இன்னொரு அருவி விழுந்திருக்கும்.

இன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. மார்க்கை அதுவரை கண்ணில் காட்ட மாட்டார்கள். முதல் பத்தில் வந்தால் சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் பயிற்சி. வராவிட்டால் திங்கட்கிழமையே ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஃபாயிசா அப்பாவிடம் சத்தியமே செய்திருந்தாள்.

“முப்பதுக்கு மேல கருத்து வந்துருக்குடீ! பேரைப் பாரு. மேட்டுக்காட்டான், ஓடையம்மா, பொந்துக்காரன்... நெட்டுல ஒருத்தனும் சொந்தப் பேர்ல வர்றதில்ல.”

“சொன்னதையெல்லாம் மாத்திட்டியா?”

“மாத்தாம? மூக்கனுக்குப் பலம் நானூறு ஆக்கிட்டேன். ‘பனிவாயனுக்குக் கால் வெச்சது யாரு, எடுங்க’ன்னாங்க, எடுத்துட்டேன். ‘சீட்டோட பின்பக்கம் ஒரே கறுப்பா இருக்குது, மூச்சு முட்டுது, ஒரு ஜன்னலாவது வெய்யுங்க’ன்னு பொந்துக்காரன் கேட்டான், வெச்சுட்டேன். ‘அஞ்சாம் சீட்டுல கண்ணை மூடி வரைஞ்சிருக்கீங்க, அவ தூங்கி எவ்ளோ வருசம் ஆச்சுன்னு தெரியுமா’ன்னாங்க, தொறந்துட்டேன்.”

கீதாஞ்சலி ஜன்னல் பக்கம் பார்த்தாள். நாலரை மணிக்கே பனி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எட்டு ஊர் ஆட்களைக் குரைத்தே விரட்டும் அவள் வீட்டு நாய், கட்டிலுக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் கிடந்தது.

“ஃபாயி, அஞ்சாம் சீட்டுல ரெண்டு கண்ணும் ஒரு பாறையும்தான வரைஞ்சேன். அது பொம்பளைன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?”

“வெளையாடறவங்களுக்கு ஆயிரம் தோணும். சொன்னதை மாத்துனா சந்தோசப்பட்டு மார்க்கை அள்ளிப் போடுவாங்க. தோ பாரு, புதுசா ஒண்ணு.”

ஓடையம்மா எழுதியிருந்தாள்: ‘எங்க சின்னதை வுட்டுட்டீங்க. நாலு நாளா ஒரே அழுவை. முழங்கால் ஒசரம், தலைமுடி எப்பவும் ஈரம், வாய் மட்டும் காது வரைக்கும். அதுக்கும் ஒரு சீட்டு போடுங்கம்மா.’

“வாணாம்டீ. எனக்கு இன்னாவோ மாதிரி இருக்குது.”

“அப்ப திங்கக்கெழமையிலேர்ந்து நான் ஷூவுக்குப் பசை தடவணுமா? ஒரே ஒரு சீட்டு. என் தங்கம்டீ நீ!”

கீதாஞ்சலி வரைந்தாள். வாயைச் சின்னதாகத்தான் தொடங்கினாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை; கோடு காது வரை போய்த்தான் நின்றது. ஃபாயிசா பதின்மூன்றாவது சீட்டை ஏற்றினாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

‘அழுவை நின்னுச்சு. இப்பதான் எல்லாம் சரியா கீது. முழுக் குடும்பமும் வந்தாச்சு.’

“பாத்தியா! குடும்பத்தோட ஒக்காந்து வெளையாடறாங்க!” ஃபாயிசா கட்டிலில் ஏறிக் குதித்ததில் கட்டில் ஒரு சாண் பூமிக்குள் இறங்கியது. நாய் அப்போதும் குரைக்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம். போட்டியை நடத்தும் தமிழ்மணி சென்னையிலிருந்து போன் செய்தார். ஃபாயிசா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“சார், மொத பத்துல வந்துட்டமா சார்?”

“எங்கம்மா வர்றது? எல்லாரும் கேமை ஏத்திட்டு, ‘வெளியிடு’ன்னு ஒரு பட்டன் இருக்குமே, அதை அழுத்துனாங்க. நீங்க அழுத்தவே இல்ல. ஏழு நாளா உங்க பக்கம் பூட்டியே கெடக்குது. உங்க ரெண்டு பேரைத் தவிர உலகத்துல ஒருத்தரும் அந்த கேமைப் பாக்கல, பாக்கவும் முடியாது. உங்களை மாதிரி இன்னும் நாலு பேரு இருக்காங்க, அதனால ரெண்டு நாள் தள்ளி வெச்சிருக்கோம். இப்ப அழுத்துனாலும் உங்களுக்குச் சான்ஸ் இருக்குது.”

போன் அணைந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஃபாயிசாவின் விரல் மட்டும் அந்தப் பட்டன் மேல் போய் நின்றது.

திரையில் புதுக் கருத்து ஒன்று வந்து விழுந்தது.

‘அழுத்து பாப்பா. எல்லாரும் கதவாண்டதான் நிக்கறோம்.’