கப்பல் பட்டியல்

நியூசிலாந்தின் டனீடின் நகரில், பத்திரிகை அலுவலகத்துக்குள் கில்கிறிஸ்ட் கொதித்துக்கொண்டு நுழைந்தார்.

"யோவ் ஆசிரியரே! நேத்து கப்பல்ல மேல்தளத்துல வந்த அத்தனை பேருக்கும் பேர் போட்டிருக்கீர். என் பேர் எங்க?"

"நான்தான் எடுத்துட்டேன்."

"எதுக்குய்யா? ஸ்காட்லாந்துலேர்ந்து எவனோ ஒரு நெசவுக்காரப் பயலோட என் மக எல்ஸ்பெத் இங்க ஓடிவந்து பத்து வருஷமாச்சு. அப்பன் பேரைப் பேப்பர்ல பார்த்தா ஓடி வருவாய்யா!"

ஆசிரியர், தறி இழுத்துக் காய்த்துப்போன விரல்களால், பத்து வருடத்துக்கு முந்தைய இதழ் ஒன்றை எடுத்து நீட்டினார். கப்பல் பட்டியலின் கடைசி வரி அடிக்கோடிடப்பட்டிருந்தது: 'கீழ்த்தளத்தில் இருநூறு பேர். வழியில் காய்ச்சலில் இறந்தவர், ஒரு பெண்.'

"யாரு இது? பேரே இல்லியே?"

"கீழ்த்தளத்துல வந்தவங்களுக்குப் பேர் போடற வழக்கமில்ல, மாமா."