தொண்ணூற்று நான்கு சதவீதம்

"உன் ஆய்வு அத்தியாயத்துல தொண்ணூத்தியொரு சதவீதம் இயந்திரம் எழுதினதுன்னு வந்திருக்கு. மிச்சம் ஒன்பதுதான் நீ. என்னம்மா சொல்றே?"

டாக்டர் இஸ்மத் காகிதத்தை மேசையில் தள்ளினார். வரலாற்றுத் துறையின் தலைவர் அவர். இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் அந்த மென்பொருளை வாங்கியே ஆகவேண்டும் என்று டீனோடு மல்லுக்கட்டி வாங்க வைத்தவரும் அவர்தான். அதனால் அது சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

ஆய்வு மாணவி ராவ்யா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "ஒரு வரிகூட நான் இயந்திரத்துகிட்ட கேக்கல, டாக்டர். எந்த வரின்னு காட்டுங்க. பதில் சொல்றேன்."

"வரி வரியா அது காட்டாது. எண்ணை மட்டுந்தான் குடுக்கும்."

"நான் கையால எழுதின பிரதி வீட்ல இருக்கு. நாளைக்கே கொண்டு வரேன்."

"இயந்திரம் குடுத்ததைப் பார்த்து எழுத எத்தனை நேரமாகும்? எனக்கே காது குத்தாதே!"

குற்றம் உறுதியானால் அவள் பதிவு ரத்து. பருத்திச் செடியில் புழு பொறுக்கிய கூலிப் பிள்ளைகளைப் பற்றி, ஆவணக் காப்பகத்தின் தூசியைத் தின்று மூன்று வருடம் சேர்த்ததெல்லாம் குப்பைக்குப் போகும். துறையில் கிடைத்திருக்கும் பயிற்றுநர் வேலையும் போய்விடும். அப்புறம் ஊருக்குத் திரும்பி, பெரியப்பா பார்த்து வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் சுஹேர், ராவ்யாவின் வழிகாட்டி, தேநீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

"இஸ்மத், எதுக்கு வாய்ச் சண்டை? இங்கேயே, நம்ம கண் முன்னாடி எழுதட்டும். அதையும் உங்க மென்பொருள்ல போட்டுப் பார்த்திடுவோம்."

இஸ்மத் மோவாயைத் தடவினார். "சரி. கைபேசி, பை எல்லாத்தையும் இங்கே வை. கணினியைத் தொடக் கூடாது. பேனாவால எழுது. புழு பொறுக்கின பிள்ளைகளுக்கும் மேஸ்திரிக்கும் நடந்த தகராறு பத்தி ரெண்டு பக்கம். ஒரு மணி நேரம்."

ராவ்யா எழுதினாள். அடித்தாள், திருத்தினாள், ஓரத்தில் நெருக்கி எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே மினிபஸ் நடத்துநர் ஆள் பிடிக்கக் கத்திக்கொண்டிருந்ததுகூட அவள் காதில் விழவில்லை. எதிரே இஸ்மத் பரீட்சைக் காவலர்போல் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

நேரம் முடிந்ததும் அவர் மணியை அழுத்தினார். அலுவலக எழுத்தர் மஹ்ரூஸ் வந்தார். துறையில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. முப்பது வருடமாக அங்கே எந்தக் காகிதமும் அவர் விரல் படாமல் தட்டச்சாகி வந்ததில்லை.

"சித்தப்பா, இதை அடிச்சு, மென்பொருள்ல போட்டு, என்ன வருதோ அதைக் கொண்டாங்க. சீக்கிரம்."

"கண்ணு மேல வச்சுச் செய்யறேன், டாக்டர்."

அவர் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. நடுவில் சுஹேர் ஒருமுறை ராவ்யாவின் தோளைத் தொட்டார்.

மஹ்ரூஸ் ஒரு சீட்டை நீட்டிவிட்டுப் போனார். இஸ்மத் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"தொண்ணூத்தி நாலு."

ராவ்யா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தானே எழுதியதை இனி எப்படி நிரூபிப்பது? அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது.

சுஹேர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க பார்க்கப் பார்க்கத்தானே எழுதினா! இயந்திரம் எங்கே ஒளிஞ்சிருந்துதாம்? மேசைக்கு அடியிலயா?"

இஸ்மத்தின் முகம் சிவந்து, வெளுத்து, பழையபடி ஆனது. பிடிவாதக்காரர்தான், ஆனால் நேர்மையானவர். குற்றச்சாட்டுக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"ஒரு கழுதையை வாங்கிட்டு வந்து, குதிரைன்னு ஊரெல்லாம் சுத்திக் காட்டியிருக்கேன்! இதைத் தூக்கிப் போடச் சொல்லி இன்னிக்கே டீனுக்கு எழுதறேன். மன்னிச்சிடும்மா. நீ வேலைல சேரலாம்."

ராவ்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்குப் போன் செய்யக்கூடத் தோன்றாமல் நேரே மஹ்ரூஸின் அறைக்கு ஓடினாள். அவர் ரொட்டியைப் பிய்த்து அவரைக்காய்க் கூட்டில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! நான் ஜெயிச்சிட்டேன்! மென்பொருள்தான் பொய்யாம்!"

"அல்ஹம்துலில்லாஹ்! உட்காரு மகளே, ஒரு வாய் சாப்பிடு. ஆனா உன் கையெழுத்து இருக்கே, கோழி கிளறின மாதிரி! ஒரே அடித்தல் திருத்தல். அதை அப்படியே டாக்டருங்க கண்ணுக்கு அனுப்பினா எனக்குல்ல அவமானம்? படம் பிடிச்சு, மருமகன் என் போன்ல போட்டுக் குடுத்திருக்கானே, கேட்டா எழுதிக் குடுக்குமே ஒரு ஆப், அதுகிட்ட குடுத்தேன். 'நல்ல நடையில மாத்திக் குடு'ன்னேன். மாத்தி, அதுவே அடிச்சும் குடுத்திருச்சு."

ராவ்யாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "சித்தப்பா... இன்னிக்கு மட்டுந்தானே?"

மஹ்ரூஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா அப்படிக் கேட்டுட்டே? போன மாசம் நீ குடுத்த அத்தியாயம் மொத்தத்தையும் இப்படித்தானே பக்கம் பக்கமா அழகு பண்ணி உள்ளே அனுப்பி வச்சேன்!"