தாரைச் செம்பு

பெண்டாட்டியைப் புதைத்த நிலத்தைக் கொடுக்க மாசானத்துக்குச் செத்தாலும் மனமில்லை. கல்குவாரி முதலாளியின் ஆட்கள் இருவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். முதலாளி ஒரு செம்புத் தண்ணீரை அவன் கையில் கொடுத்துவிட்டு, தன் உள்ளங்கையை ஏந்தினார்.

"பத்திரத்துல கைநாட்டு வாங்குனா, நாளைக்கே அது என்னுது இல்லம்பே. அந்தக் காலத்துல ஏதுலே பத்திரம்? குடுக்கவன் செம்புத் தண்ணிய வாங்குறவன் கையில விடுவான். விழுந்துட்டா அவன் பேரன்கூட திருப்பிக் கேக்க முடியாது. தாரை வார்க்கதுன்னா அதாம்லே. ஊத்து."

"இந்தத் தண்ணிக்கு அம்புட்டு வலுவா மொதலாளி?"

"எந்தக் கோர்ட்டும் அசைக்க முடியாதுலே."

மாசானம் செம்பைத் தூக்கினான். ஏந்திய கையைத் தாண்டித் தன் வாய்க்குக் கொண்டுபோய், கடைசிச் சொட்டுவரை மடக் மடக்கென்று குடித்தான். பிறகு வெறுஞ்செம்பை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தான்.

தோளில் பிடி இறுகியது.