மகராசியின் சாட்சி

"மகராசி என்ன சொல்றா?" என்று மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார் தலைமை மருத்துவர்.

"அவளை இன்னும் பாக்கல மேடம். அந்தத் தையல்காரம்மாவோட ஸ்லைடைப் பாத்துட்டேன். ஹார்மோன் ரெண்டு, புரதம் ஒண்ணு, மூணு சோதனையும் இல்லைன்னுதான் வருது. கையெழுத்துப் போட்டுடலாமா?" என்றாள் இளைய மருத்துவர்.

"சாட்சியை விசாரிக்காமலே தீர்ப்பா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்."

இளையவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மகராசி என்பது மெழுகில் பதித்துவைத்த ஒரு மார்பகப் புற்றுத் துண்டு. புதிதாக வரும் கட்டியில் புரதச் சோதனை செய்யும்போதெல்லாம், விடை முன்பே தெரிந்த இந்தத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய சீவல் எடுத்து, அதே சாயத்தை ஏற்றுவார்கள். இது பழுப்பானால் சாயம் வேலை செய்கிறது என்று பொருள். அது இருந்த பெட்டியின் மேல் ஓர் எண் இருந்தது, பெயர் இல்லை. எத்தனை முறை சீவினாலும் முகம் சுளிக்காதவள் என்று மகராசிப் பட்டம் சூட்டியவர், சாயம் ஏற்றும் ஊழியர். அவரை எல்லோரும் சாயக்காரர் என்றே அழைத்தார்கள்.

இளையவளின் அவசரத்துக்குக் காரணம் வெளியே, நடைபாதைப் பெஞ்சில் இருந்தது. தையல்காரியின் அக்கா காலையிலேயே இவளை மறித்துக் கேட்டிருந்தாள்.

"கோலிக்குண்டு அளவுதான் டாக்டர். சின்னக் கட்டின்னா சின்ன வியாதிதானே?"

"அளவை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதும்மா. கட்டியோட குணத்தைப் பாக்கணும். சிலது ஹார்மோனைத் தின்னு வளரும். அதைத் தடுத்தா அடங்கிடும். சிலதுல ஒரு புரதம் மண்டிக் கிடக்கும். அதுக்குன்னே தனி மருந்து இருக்கு. எதுவுமே இல்லாத வகைன்னா நமக்குப் பிடி குறைவு."

"கட்டிக்குக்கூடக் குணமா? எங்க வீட்டுக்காரருக்கே கிடையாது" என்று சிரித்தவள், சிரிப்பு முடியுமுன்பே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "எங்க தங்கச்சிக்கு அந்தப் பிடி இல்லாத வகை மட்டும் வேண்டாம் டாக்டர்" என்றாள், கடைக்காரரிடம் சொல்வதுபோல.

இளையவள் மகராசியின் ஸ்லைடை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"மேடம், மகராசியும் வெளுத்துக் கிடக்கா."

"ஹார்மோன் சாட்சிகள்?"

"அதெல்லாம் சரியா இருக்கு. இது மட்டுந்தான்."

"அப்போ இல்லைன்னு சொன்னது கட்டி இல்ல, நம்ம சாயம்."

சாயக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகம் சுருங்கியது. "போச்சு! காலாவதியான புட்டி. புதுசைக் கொண்டுவந்து பக்கத்துல வச்சுட்டு, பழசையே ஊத்தியிருக்கேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"அதை வீட்டுக்குப் போய் அடிங்க. இப்போ புதுசை ஊத்துங்க" என்றார் தலைமை மருத்துவர். பிறகு இளையவளிடம், "மேல்தட்டுல மகராசி பெட்டி இருக்கு, எடும்மா" என்றார்.

பெட்டி அவருடைய தலைக்கு நேர் மேலேதான் இருந்தது. ஆனால் அவர் எதையும் எட்டி எடுத்து இளையவள் பார்த்ததில்லை. பதவி வந்தால் கை தூக்குவதுகூடக் கௌரவக் குறைவு போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயம் ஊறும்வரை பேச்சு நடந்தது.

"யாரா இருப்பாங்க அண்ணே இந்த மகராசி? செல் ஒவ்வொண்ணும் ஒரு கோலத்துல இருக்கு. கண்டபடி பெருகியிருக்கு. புரதம் வேற."

"எனக்கு முன்னாலேயே இங்க வந்துட்டா டாக்டர். ஆள் போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சோ. போயும் நமக்கு உழைக்கிறா பாருங்க!"

"ஸ்லைடுல இருக்கறதைச் சொல்லுங்க" என்றார் தலைமை மருத்துவர். "இல்லாததுக்குக் கதை கட்டாதீங்க."

கல்லில்கூட எங்கேனும் ஈரம் இருக்கும் என்று இளையவளுக்குத் தோன்றியது.

பிற்பகலில் மகராசி வாய் திறந்தாள். ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் அழுத்தமான பழுப்பு வளையம். பக்கத்து ஸ்லைடில், தையல்காரியின் உயிரணுக்களைச் சுற்றியும் அதே வளையம்.

"புரத வகை. எழுது" என்றார் தலைமை மருத்துவர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இளையவள் நடைபாதைக்கு ஓடாத குறையாகப் போனாள். "நீங்க வேண்டாம்னு சொன்ன வகை இல்லம்மா. இதுவும் முரடுதான். ஆனா இதுக்கு மூக்கணாங்கயிறு இருக்கு."

அக்கா நெடுமூச்சு விட்டாள். உடனே அடுத்த கேள்வி வந்தது. "இந்த வகை வந்து பொழைச்சவங்க யாரையாச்சும் நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா டாக்டர்?"

இளையவள் பார்த்ததெல்லாம் ஸ்லைடுகள். "கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே திரும்பினாள். கேள்வியை அப்படியே தலைமை மருத்துவரிடம் ஒப்பித்தாள். அவர் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார்.

சாயக்காரர் மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மகராசி தேய்ஞ்சு போயிட்டா மேடம். இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்குவா. அவளோடது வேற துண்டு ஏதும் கிடைக்குமா?"

"கிடைக்காது. எங்கிட்ட இருந்ததே அவ்வளவுதான், அதையும் முழுசா எடுத்துட்டாங்க" என்ற தலைமை மருத்துவர், இடது தோளை மெல்ல அழுத்திவிட்டபடி நாற்காலியிலிருந்து எழுந்தார். "அந்த அக்காவை உள்ள வரச் சொல்லும்மா. மகராசியை நேர்லயே பாத்துட்டுப் போகட்டும்."