ஹமீதா வீட்டுத் தூண்டில்

“என் தம்பி பொண்டாட்டி ஹமீதா கட்டுற பொய் இரைக்குத்தான் சீலா மீனு ஓடி வருது. நீயுந்தான் கட்டுற!”

கணவன் சதக் சொன்னது சாலிஹாவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ஹமீதா வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நுழைந்தாள். கூரையில் செருகியிருந்த தூண்டிலை உருவினாள். மீன் கடித்து உருக்குலைந்திருந்த அதன் பொய் இரையின் சேவல் இறகுகளைப் பிய்த்தெறிந்தாள்.

ஹமீதா வந்துவிட்டாள்.

“ஏன் லாத்தா இப்படிப் பண்ணுனீக?”

“எல்லாரும் ஒன் கையையே புகழுறாக. பொறுக்கல.”

“நான் கட்டுனதை ஒரு மீனும் சீண்டல. இது நீங்க கட்டுனது. ஆகாதுன்னு ஒங்க வீட்டு மச்சான்தான் எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தூக்கிப் போட்டாக.”

சாலிஹா இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“திரும்பக் கட்டித் தாரேன்மா. ஒன் மச்சான்கிட்ட...”

“சொல்ல மாட்டேன் லாத்தா.”

“இல்லை, சொல்லு. நல்லாச் சத்தமாச் சொல்லு!”